மஞ்சள் பொடியும் இரண்டு சீட்டுக் காரும்

மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு, என் சாதனை ஒன்றை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஷோரூமில் வேலை பார்க்கிறார். இப்போதெல்லாம் காரில் ஒரு வயரைச் செருகினால் எங்கே கோளாறு என்று ஒரு பெட்டி எழுத்திலேயே காட்டிவிடுமாம். ரொம்ப சந்தோஷம். அந்தப் பெட்டி எங்கள் காலத்தில் இருந்திருந்தால் சங்கரன்கோவிலில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னை 'மஞ்சப்பொடி' என்று கூப்பிட மாட்டார்கள். என் பெயர் சுடலைமுத்து. சங்கத்து ரிஜிஸ்டரில் மட்டும் அப்படித்தான் இருக்கிறது.

தொழில் கற்ற கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது, ஊரில் இருந்த ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு வருஷம் டீ வாங்கினேன். அடுத்த இரண்டு வருஷம் கிரீஸ் அடித்தேன். ஐந்தாம் வருஷம் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க ஆரம்பித்தேன். எழுபதுகள் போய் எண்பதுகள் பிறந்த சமயத்தில் அந்த நினைப்பு நன்றாக முற்றிப் போயிருந்தது.

அங்கே எங்களுக்குப் போர்மேன் ஜெபராஜ் சார். பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையைத்தான் திங்கட்கிழமை ஷெட்டுக்கும் போட்டு வருவார். சாயங்காலம் வரை அதில் ஒரு பொட்டு ஆயில் இருக்காது. அவர் வேலை செய்வதில்லை, அதனால்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அது பொய் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வாய் திறந்து யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "சுடலைமுத்து" என்றால் எல்லாம் சரி. "சுடலைமுத்து அவர்களே" என்றால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. வண்டி நின்றுவிட்டது என்று யார் வந்து நின்றாலும் பானெட்டைத் திறக்கவிட மாட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து மூன்று கேள்வி கேட்பார். எங்க நின்னுது? நிக்கதுக்கு முன்னால என்ன பண்ணிச்சு? கடைசியாக் கை வச்சது யாரு? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரெல்லாம் விசைத்தறி என்பதால் ஷெட்டில் கை துடைக்கக் கழிவு நூல் மூட்டை மூட்டையாக வரும். வேலை முடிந்ததும் அதிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி, பானெட்டுக்கும் முன் கிரில்லுக்கும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார். பானெட்டைத் திறந்தால் நூல் அறும். வழியில் வண்டி நின்றது, பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன் என்று டிரைவர் லேட்டுக்குக் காரணம் சொன்னால், சார் அவனிடம் பேசவே மாட்டார். நேரே போய் நூலைப் பார்ப்பார். நூல் அறாமல் இருந்தால், அவன் எந்த டீக்கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் இபுராகிம் பாய் அந்தக் காரோடு வந்து இறங்கினார். பாய்க்கு வீடு சங்கரன்கோவில், சொந்தபந்தம் எல்லாம் கடையநல்லூர், பிழைப்பு வளைகுடாவில். அங்கே ஒரு அரபிக்குக் கார் ஓட்டினார். அரபி புதுக் கார் வாங்கிய கையோடு பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஜப்பான் கார். பந்தயக் கார் மாதிரி நீட்டு மூக்கு, ஆறு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. ஸ்டியரிங் இடது பக்கம். கொச்சித் துறைமுகத்தில் இறக்கி, மலை தாண்டி, ஒரு இடத்திலும் நிற்காமல் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கை வைக்கும்வரை அந்தக் கார் எங்கேயும் நின்றதில்லை.

பாய் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் வைத்தியம். ஷெட் வேலை முடிந்ததும் நான் போவேன், ஜெபராஜ் சாருக்கும் இது தெரியும். முதல் வேலை இரண்டு கார்பரேட்டரையும் சமன் செய்வது. ஒரு முழ ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று இழுக்கிற சத்தம் கேட்கும். பிறகு அடுத்த கார்பரேட்டர். இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வரும்வரை ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு அரை மணி நேரத்தில் முடித்தேன். என்ஜின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் அலை அடிக்கவில்லை. பாயின் தாயார் ஐசா உம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, மூச்சு முட்டுதாமா அதுக்கு?" என்றார்கள்.

"இப்போ சரியாயிட்டு உம்மா."

"எனக்கும் ரெண்டு நாளா நெஞ்சு கரகரங்கு. அந்தக் கொழாய வச்சுப் பாரேன்."

அந்த டம்ளர் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ரேடியேட்டருக்கு அடியில் ஒரு சொட்டு தண்ணீர் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. எங்கள் பஸ்களில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு மருந்து உண்டு. மஞ்சள் பொடி. இரண்டு ஸ்பூன் போட்டு ஓடவிட்டால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பஸ் ரேடியேட்டரின் குழாய்கள் பெருவிரல் நுழைகிற மாதிரி இருக்கும், மஞ்சளும் போகும், மாங்கொட்டையும் போகும். ஜப்பான்காரன் குழாயோ தட்டையாக, நகம் நுழையாத அளவுக்கு ஒடுக்கம். நான் அதையெல்லாம் யோசிக்கிற ஆளா? வெளிநாட்டுக் கார், பெரிய இடத்து நோய், மருந்தும் தாராளமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் பொட்டலமாகக் கொண்டுபோன மஞ்சள் பொடியை ஒரு கை நிறைய அள்ளிப் போட்டு மூடினேன். பாயிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம் அல்லவா. சொட்டு நின்றுவிட்டது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் குற்றாலத்துக்கு வெள்ளோட்டம். பாய் ஓட்ட, நான் பக்கத்தில். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் வலது பக்கம் உட்கார்ந்திருந்தது நான். எதிரே வந்தவர்கள் நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங்கே இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு பறந்து வருகிற என்னைப் பார்த்து ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியோடு வயலில் இறங்கிவிட்டார். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் புளியங்குடிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் கார் இருமியது, இழுத்தது, நின்றது. பெட்ரோல் என்ஜினுக்குப் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

டேங்கைக் கழுவினேன். பில்டரை மாற்றினேன். பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினேன். ஊருக்குள் ஓட்டினால் தங்கம். மறுபடி புறப்பட்டால் அதே புளியங்குடிக்கு முன்னால் அதே புளியமரத்தடி. சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்திருந்தது. "அண்ணாச்சி, இது இவ்வளவு ஏறாதே" என்று பாய் காட்டினார். "ஜப்பான் முள்ளுல்லா பாய், அதுக்கு நம்ம ஊரு வெயிலு பழக்கமில்ல. சும்மா பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினேன்.

அந்த மரத்தடியில் கார் ஆறுவதற்காகக் காத்திருந்தபோதுதான் பாய் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அண்ணாச்சி, எனக்கு கல்யாணம் முடிஞ்சு ஏழு வருசம். ஊருக்கு வந்த நாளெல்லாம் கூட்டுனாலும் எட்டு மாசம் தேறாது. அந்த எட்டு மாசத்துல நானும் ஜமீலாவும் மட்டும்னு ஒரு மணி நேரம் கெடயாது. வீட்டுல உம்மா, ரெண்டு மாமி, மூணு தங்கச்சி. குத்தாலம் போனா வேன்ல பதினோரு பேரு. அவ முன் சீட்டு ஓரத்துல, நான் கடைசி சீட்டுல சோத்துப் பானையோட."

"அதுக்கு?"

"இந்தக் கார்ல சீட்டு ரெண்டுதான. யாரும் ஏறணும்னாலும் ஏற முடியாதுல்லா. அரபி இதவிட நல்ல காரு ஒண்ணும் தாரேன்னாரு. நான்தான் இது போதும்னு கேட்டு வாங்குனேன்."

லீவு நாற்பத்தைந்து நாள். அதில் பாதிக்கு மேல் நான் தின்றுவிட்டிருந்தேன். அவர் மனைவி உட்கார வேண்டிய சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, அவர் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துக்கொண்டு, ஜப்பானைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அன்றைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மஞ்சள் நினைவுக்கு வரவில்லை. நாம் செய்த வேலை மட்டும் நமக்குச் சந்தேகமாகவே தோன்றாது.

மூன்றாம் தடவை புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் வரை போய், நடுச்சந்தையில் நின்றது. கூடியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார், அந்த ஊரில் அதற்கா பஞ்சம். ஆறவைத்து ஓட்டி, நின்ற இடத்திலெல்லாம் தள்ளி, ஒரு வழியாகத் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினோம். கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீலா முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"அண்ணாச்சி, மெய்யாவே இது ஒரு நாளாவது போவுமா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் ஆசைய விட்டுருதேன்."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. நேரே ஜெபராஜ் சாரிடம் போனேன். நோட்டு வெளியே வந்தது.

"எங்க நின்னுது?"

"புளியங்குடிகிட்ட சார். மூணு தடவையும்."

"நிக்கதுக்கு முன்னால என்ன பண்ணிச்சு?"

"சூட்டு முள்ளு ஏறுச்சு சார். ஆனா முள்ளு பொய் சொல்லுது."

"முள்ளு பொய் சொல்லுது. பம்பு பொய் சொல்லுது. புளியங்குடியும் பொய் சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் உண்மை சொல்லுதீங்க. சரி, கடைசியாக் கை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"எதுலெல்லாம் கை வச்சீங்க சுடலைமுத்து அவர்களே?"

டேங்க், பில்டர், பம்பு, கார்பரேட்டர் என்று ஒப்பித்தேன். அவர் எழுதவில்லை. என் காக்கிச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை துவைத்தும் போகாத மஞ்சள் கறை.

"பையில என்ன, சந்தனமா?"

ரேடியேட்டரில் போட்ட மஞ்சளைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் ஓடாமல் சூடு தலைக்கேறி, அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி மூச்சடைத்து நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வெள்ளோட்டமும் ஒரு பெண்பிள்ளையின் கேள்வியும் தேவைப்பட்டன.

பாய்க்கு அடுத்த செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியன்று லீவு போட்டு ரேடியேட்டரைக் கழற்றினேன். பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொண்டுபோய் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் ஈயம் உருக்கிப் பிரித்தோம். உள்ளே பார்த்தால், கல்யாண வீட்டு அம்மி மாதிரி இருந்தது. குழாய் குழாயாக மஞ்சள் கெட்டித்து அடைத்திருந்தது. குத்தி எடுக்க எந்தக் கம்பியும் நுழையவில்லை. பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், தறியில் பாவு நூலைத் தூக்கி இறக்குகிற தட்டைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு அடி நீளம், கோரைப் புல் கனம். அளவெடுத்துச் செய்த மாதிரி நுழைந்தது. சோடா உப்பு வெந்நீரை ஊற்றி, மேலேயிருந்து பாதி, கீழேயிருந்து பாதி என்று ஒவ்வொரு குழாயாகக் குத்தினேன். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருச் சாக்கடையே மஞ்சளாக ஓடியது. பழைய சொட்டு ஓட்டைக்கு ஒரு பொட்டு ஈயம். முதல் நாளே அதைச் செய்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

சனிக்கிழமை பூட்டி, நானும் பாயும் கடையநல்லூர் வரை போய் வந்தோம். முள் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை. சாயங்காலம் ஜெபராஜ் சாரே வந்தார். சுற்றி வந்து பார்த்தார், ரேடியேட்டர் குழாய்க் கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்தார், பானெட்டை மூடி, பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். சட்டையில் ஒரு பொட்டு ஆயில் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. ஜமீலா வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு மாமி டிக்கி மூடியைத் திறந்து, பெட்டி வைக்கிற இடத்தில் காலை மடக்கி உட்கார முடியுமா என்று பார்த்து, முடியாமல் இறங்கினார். அப்போது ஐசா உம்மா வாசலுக்கு வந்தார்கள்.

"மூணு தடவ நின்ன வண்டி. நடுக்காட்டுல நின்னா பொம்பளப் புள்ளய ரோட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்வே? மெக்கானிக்க கூட்டிட்டுப் போ. அவ இன்னொரு நாளைக்குப் போகட்டும்."

இன்னொரு நாள் என்றால் இரண்டு வருஷம் கழித்து. ஜமீலா கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார். பாய் என்னைப் பார்த்தார்.

"இனி நிக்காது உம்மா" என்றேன்.

"போன தடவையும் இதத்தான சொன்னே. அதுக்கு முந்துன தடவையும்."

உண்மைதான். என் வாக்குக்கு அந்த வாசலில் மதிப்பே இல்லை. காரணத்தைச் சொன்னால்தான் நம்புவார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பெட்ரோலால் வரும், ரோட்டால் வரும், ஜப்பானால் வரும், மெக்கானிக்கால் மட்டும் வரவே வராது. அந்த வழக்கத்தை அன்றைக்கு நான் மீறினேன்.

"கார்ல கோளாறே கெடயாது உம்மா. நான்தான் ரேடியேட்டர்ல மஞ்சப்பொடி போட்டு அடைச்சுட்டேன். இப்போ குத்தி எடுத்தாச்சு."

"மஞ்சளா? எவ்வளவு போட்டே?"

"ஒரு கை."

"பதினோரு பேருக்குக் கொழம்பு வைக்கேன், நானே ரெண்டு சிட்டிகைதான் போடுதேன்."

அடுத்த வீட்டுத் தறிச்சத்தம் நின்றுவிட்டது. சுவருக்கு மேலே நாலு தலை முளைத்தது. மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஐசா உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். இவ்வளவு கேவலமான விஷயத்தை ஒருவன் பொய்யாகச் சொல்ல மாட்டான் என்று பட்டிருக்க வேண்டும்.

"சரி, போயிட்டு அசருக்குள்ள வந்துருங்க" என்றார்கள்.

அசர் என்றால் பிற்பகல் தொழுகை. தொழுகை முடிந்தது, கார் வரவில்லை. நான் வீட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் வேலை முடிந்து ஈய வேலையும் சொதப்பிவிட்டதோ என்று வைத்த ஈயத்தையெல்லாம் மனதில் ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு நிலக்கடலை பயிரிடப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் அந்த நீட்டு மூக்கு தெருமுனையில் திரும்பியது. ஜமீலாவின் துப்பட்டி முந்தி ஈரமாக இருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" உம்மா வாசலை மறித்து நின்றார்கள்.

பாய் உம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வண்டி நின்னுட்டு உம்மா. குத்தாலத்துக்கிட்ட. மூணு மணி நேரம்."

என் உயிர் போய்விட்டது. ஓடிப்போய் கார் முன்னால் குனிந்தேன். சிவப்பு நூல் கட்டின முடிச்சோடு அப்படியே இருந்தது. மூன்று மணி நேரம் நின்ற கார். பானெட்டை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

எழுந்திருக்கும் முன்பே கட்டை விரல் நகத்தால் நூலை அறுத்துவிட்டேன்.

"ஆமா உம்மா" என்றேன். "ஒரு கிளிப்ப நான் ஒழுங்கா முறுக்கல. தப்பு என்னுதுதான்."

பிறகு உம்மா எனக்குக் கொடுத்த அர்ச்சனையை ஆண்டு மலரில் அச்சடிக்க முடியாது. ஜமீலா துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். தோள் குலுங்கியது. "அழுவுதா பாரு புள்ள, உன்னால" என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

மறுநாள் ஷெட்டுக்குள் நுழைந்தபோதே 'மஞ்சப்பொடி' என்று இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஜெபராஜ் சார் நோட்டோடு நின்றார்.

"பாய் வண்டி நேத்து நின்னுட்டாமே?"

"ஆமா சார்."

"நூலு?"

"அறுந்திருந்துச்சு சார்."

நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "கடைசியாக் கை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஒன்றும் எழுதவில்லை.

"கழுகுமலை பஸ்ஸுக்குப் பிரேக்கப் பாருங்க, சுடலைமுத்து" என்றார். 'அவர்களே' என்று சேர்க்கவில்லை.